பூச்சி என்றாள், களிம்பு தடவினேன்

பள்ளிக்கூடத்து முதலுதவிப் பெட்டியின் சாவி யார் கைக்கு வரும் தெரியுமா? பணிமூப்பைப் பார்த்து வராது, தகுதியைப் பார்த்தும் வராது. ஆசிரியர் கூட்டத்தில் அந்தப் பேச்சு எழும்போது யார் தலையைக் குனிந்துகொள்ளாமல் உட்கார்ந்திருக்கிறாரோ அவர் கைக்கு வரும். எனக்கு அப்படித்தான் வந்தது. இளம் டீச்சர்களே, உங்களுக்கும் அப்படித்தான் வந்திருக்கும் என்பதால் உங்கள் மேல் எனக்கு இரக்கம் உண்டு. ஆனால் இரக்கப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான் செய்த ஒரு தவற்றைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளுங்கள்.

நான் கணக்கு டீச்சர். இரண்டு நாள் முதலுதவிப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். மூன்றாம் நாள் திரும்பி வந்தபோது பாதி டாக்டர் ஆகிவிட்ட நினைப்பு எனக்கு. காலை இடைவேளை மணி அடித்தால் போதும், அலுவலக அறை வாசலில் பிள்ளைகள் வரிசை கட்டும். முட்டி சிராய்ப்பு, மூக்கில் ரத்தம், பென்சில் குத்தியது, கணக்கு பீரியடுக்கு முன்னால் மட்டும் வருகிற வயிற்றுவலி. பத்து நிமிட இடைவேளையில் பத்துப் பிள்ளைகளைப் பார்த்து அனுப்பிவிடுவேன். அந்த வேகத்தில் எனக்குக் கர்வம் இருந்தது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? நல்ல கர்வம் இருந்தது.

எங்கள் பள்ளி விருத்தாசலத்தின் ஓரத்தில், பீங்கான் பொம்மைக் கம்பெனிகள் இருக்கும் பக்கம். மதில் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கம்பெனிக்காரர்கள் தேய்ந்துபோன அச்சுகளைக் கொட்டுவார்கள். பொம்மை வார்க்கிற அச்சு சுண்ணாம்புக் கட்டி மாதிரி வெள்ளையாக இருக்கும், உடைத்தால் சாக்பீஸ் போல எழுதும். சுவர் ஓரிடத்தில் இடிந்திருந்தது. அந்த ஓட்டை வழியாகக் கையை விட்டு அச்சுத் துண்டுகளை எடுத்து, பெண் பிள்ளைகள் தரையில் பாண்டி ஆடக் கட்டம் போடுவார்கள். எங்கள் எல்லோருக்கும் இது தெரியும். சாக்பீஸ் தீர்ந்துபோன நாட்களில் நானே ஒரு துண்டு வாங்கிக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். நூற்றெட்டு வண்டி வராத காலம். காலை பதினொன்று பத்துக்கு இடைவேளை. வரிசையில் நாலாவதாக நின்றவள் சங்கீதா. ஏழாம் வகுப்பு. பெண்ணாடம் சாலையில் உள்ள ஒரு ஊரிலிருந்து வருகிறவள். அவள் அம்மா பச்சையம்மாவுக்கு எதிர்ச்சாரியில் இருந்த கம்பெனியில் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிற வேலை. தாயும் மகளும் காலையில் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கி, ரோட்டில் பிரிந்து போவார்கள்.

"டீச்சர், பூச்சி கடிச்சிருச்சு" என்று வலது கையை நீட்டினாள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், உற்றுப் பார்த்தால் தெரிகிற மாதிரி இரண்டு புள்ளி. ரத்தம் இல்லை, வீக்கம் இல்லை.

"வலிக்குதா?"

"இல்ல டீச்சர். மதமதன்னு இருக்குது."

வலியில்லை என்றதும் என் கை தானாகக் களிம்புக்குப் போய்விட்டது. தடவினேன். அவள் நகரவில்லை.

"இல்ல டீச்சர்... பூச்சி" என்றாள் இன்னொரு தடவை. குரலைத் தாழ்த்தி, என் கண்ணைப் பார்த்துச் சொன்னாள்.

"பூச்சிதாண்டி, எனக்கும் காது கேக்குது. மருந்து போட்டாச்சுல்ல? போ. அடுத்தது யாரு?"

போய்விட்டாள். முதலுதவி நோட்டில் அவள் பெயருக்கு நேரே 'பூச்சிக்கடி, களிம்பு' என்று எழுதினேன். அடுத்த பிள்ளைக்கு மூக்கில் ரத்தம். அதோடு சங்கீதாவை மறந்தேன்.

நான் ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவள். எங்கள் வீட்டில் பூச்சி என்றால் கரப்பான், மிஞ்சிப் போனால் மழைக்காலத்தில் ஒரு மரவட்டை. பதினாறு வருஷம் கிராமத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்திருந்தேன். அவர்கள் பேச்சை நான் கற்றுக்கொள்ளவில்லை. அவர்கள்தான் என் பேச்சைக் கற்றுக்கொண்டார்கள்.

பன்னிரண்டு நாற்பதுக்குச் சத்துணவு மணி. நான் டிபன் பாக்ஸைத் திறந்திருக்கிறேன், வெளியிலிருந்து தனபாக்கியத்தின் சத்தம். தனபாக்கியம் எங்கள் சத்துணவு சமையலம்மா. சாதாரணமாகப் பேசினாலே அடுத்த தெருவுக்குக் கேட்கும். அன்றைக்குக் கேட்ட சத்தம் வேறு மாதிரி இருந்தது.

"டீச்சர்! ஓடியாங்க, இந்தப் புள்ள சோத்த முழுங்க மாட்டங்குது!"

சங்கீதா தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். வாயோரத்தில் சாதம் வழிந்தது. இரண்டு இமையும் பாதி இறங்கி நின்றன. தூங்கி விழுகிற பிள்ளை என்று யாரும் நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

"காலைல சாப்பிட்டியாடி? ராத்திரி தூங்கலயா?"

அவள் பதில் சொல்ல முயன்றாள். நாக்கு புரளவில்லை. பக்கத்தில் இருந்த தோழிதான் சொன்னாள்: "காலைலயே அவளுக்குப் பூச்சி கடிச்சிருச்சு டீச்சர். சொவத்து ஓட்டைல கை வுட்டா."

"அதுக்குத்தான் அப்பவே களிம்பு போட்டுட்டேனே" என்றேன்.

தனபாக்கியம் கரண்டியைக் கீழே வைத்தாள். "பூச்சிக்குக் களிம்பு போட்டீங்களா?"

"ஆமாம்மா."

"டீச்சர், எங்க பக்கம் அத பேர் சொல்ல மாட்டோம். பூச்சின்னுதான் சொல்லுவோம்." இதைச் சொல்லும்போதும் அவள் அந்தப் பெயரைச் சொல்லவில்லை. விரலால் காற்றில் நெளித்துக் காட்டினாள். பிறகு பிள்ளையின் முகத்தைத் தூக்கி, "எப்டிடி இருந்துச்சு?" என்று கேட்டாள்.

"கருப்பு... வெள்ள வளவம்" என்று குழறினாள் சங்கீதா. வளையம் என்று சொல்ல வரவில்லை.

கட்டுவிரியன். பயிற்சியில் படம் காட்டியிருந்தார்கள். கடித்த இடத்தில் வலியிருக்காது, வீங்காது, ஆளை ஏமாற்றும், இமை இறங்கினால் அடுத்து மூச்சு என்று அவர்கள் சொன்ன அத்தனையும் என் நோட்டில் அழகான கையெழுத்தில் இருந்தது. பிள்ளை என்னிடம் இரண்டு தடவை பாம்பு கடித்துவிட்டது என்று சொல்லியிருக்கிறாள். நான் அடுத்தது யார் என்று கேட்டிருக்கிறேன். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. பயந்துபோனேன். அந்தப் பயத்தில் பாதி பிள்ளைக்காக, பாதி எனக்காக. இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

பாம்பு என்று வாய்விட்டுச் சொன்னால் அது தேடி வரும், கடிபட்டவர் காதில் அந்தச் சொல் விழுந்தால் விஷம் ஏறும் என்று அந்தப் பக்கத்து ஊர்களில் நம்பிக்கை. அதை எனக்குப் பிறகு விளக்கினார்கள். அப்போது விளக்கம் கேட்க நேரமில்லை. தலைமையாசிரியர் எங்கிருந்தோ ஒரு கயிற்றோடு ஓடி வந்தார், கையை இறுக்கிக் கட்ட. யாரோ வேப்பிலை பறித்து வந்தார்கள், கசக்கிறதா என்று மென்று பார்க்கச் சொல்ல. ஒருத்தி சொம்பில் தண்ணீரோடு நின்றாள். எல்லோரும் நல்லவர்கள். எல்லோரும் சேர்ந்து அந்தப் பிள்ளையைக் கொன்றிருப்பார்கள்.

"யாரும் தொடாதீங்க!" என்று கத்தினேன். தலைமையாசிரியரைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை. விழுங்க முடியாத வாயில் தண்ணீர் ஊற்றினால் அது நேரே மூச்சுக்குழாய்க்குப் போகும். அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தேன். எச்சில் வெளியே வழியட்டும் என்று முகத்தைச் சாய்த்துப் பிடித்தேன். என் மர ஸ்கேலைக் கையோடு சேர்த்து வைத்து, கை அசையாதபடி துணியால் தளர்வாகச் சுற்றினேன். "நடக்க வைக்கக் கூடாது. தூக்கணும். வண்டி வேணும்."

தலைமையாசிரியர் என்னைத் தனியே அழைத்தார். கெட்ட மனிதர் இல்லை, ஓய்வுக்கு இரண்டு வருஷம் இருந்த மனிதர். "பேரன்ட்ஸ் வரட்டும் டீச்சர். நாமளா தூக்கிட்டுப் போயி வழில ஏதாவது ஆயிட்டா யார் பதில் சொல்றது?"

"இங்கயே ஆயிட்டா யார் சார் பதில் சொல்றது?"

நான் இரண்டு பெண்களை எதிர்க் கம்பெனிக்கு ஓடவிட்டேன், பச்சையம்மாவைக் கூட்டிவர. அவர்கள் கெட்டிக்காரப் பெண்கள். அவளோடு, கம்பெனி வாசலில் பொம்மை லோடு ஏற்றிக்கொண்டு நின்ற குட்டியானை வண்டியையும் கூட்டி வந்துவிட்டார்கள். டிரைவர் பாதிப் பெட்டியைத் தெருவிலேயே இறக்கிப் போட்டுவிட்டு, பொம்மைக்குச் சுற்றுகிற வைக்கோலைப் பரப்பிக் கொடுத்தார். பிள்ளையைத் தூக்கிப் படுக்க வைத்தோம்.

ஏறப் போகும்போது தலைமையாசிரியர் என் காதருகே வந்து மெல்லச் சொன்னார்: "டாக்டர் நேரம் கேட்டா, சாப்பாட்டு நேரத்துலதான்னு சொல்லிடுங்க. ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்." நான் தலையாட்டினேன். ஆமாம், தலையாட்டினேன்.

பச்சையம்மா மகள் தலையை மடியில் வைத்துக்கொண்டு டிரைவரைப் பார்த்துச் சொன்னாள்: "அண்ணா, எங்கூருக்கு வுடுங்க. மந்திரிக்கிறவரு இருக்காரு. அவரு கை வெச்சா எறங்கிடும்."

பள்ளி வாசலில் இடது பக்கம் திரும்பினால் ஆஸ்பத்திரி, வலது பக்கம் திரும்பினால் பெண்ணாடம் சாலை. டிரைவர் என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். வண்டியை எடுக்கவில்லை.

என் இரண்டாவது தவற்றை அங்கே செய்தேன். பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டேன். மந்திரத்தில் ஒன்றும் இறங்காது, இது மூடநம்பிக்கை, படித்த டீச்சர் சொல்கிறேன் என்று அரை நிமிடம் பேசியிருப்பேன். அவள் மகளைத் தூக்கிக்கொண்டு வண்டியை விட்டு இறங்கப் பார்த்தாள். "நீங்க வாணா டீச்சர். எம்புள்ளைய நான் ஆட்டோல இட்டுக்கினு போறன்."

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. அவளுடைய நம்பிக்கையை மாற்றுவது என் வேலை இல்லை. வண்டியின் முகத்தைத் திருப்புவதுதான் என் வேலை.

"பச்சையம்மா, அவரு பேரச் சொல்லு. இப்பவே நம்ம டிரில் சார பைக்குல அனுப்பி அவர ஆஸ்பத்திரிக்கே கூட்டியாரச் சொல்றேன். சங்கீதா பக்கத்துல நின்னு மந்திரிக்கட்டும். ஊசியும் போடட்டும், மந்திரமும் போடட்டும். ரெண்டும் நடக்கட்டும்."

"மெய்யாலுமா?"

"மாதா மேல ஆணையா."

அவள் பெயரைச் சொன்னாள். டிரில் சார் பைக்கை உதைத்தார். வண்டி இடது பக்கம் திரும்பியது. இளம் டீச்சர்களே, நெருக்கடியில் ஒருவரை வாதத்தில் ஜெயிக்கப் பார்க்காதீர்கள். ஜெயித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் பிள்ளை இருக்க மாட்டாள்.

பாதி தூரத்தில் ரயில்வே கேட் மூடிக் கிடந்தது. கூட்ஸ் வண்டி. எத்தனை பெட்டி என்று எண்ணுவதற்கு அன்றைக்கு மனசு வரவில்லை, பிள்ளையின் மூச்சை எண்ணினேன். நெஞ்சு ஏறி இறங்குவது குறைந்துகொண்டே வந்தது. தாடையைத் தூக்கிப் பிடித்திருந்தேன், கை நழுவும்போதெல்லாம் தொண்டையில் கரகரவென்று சத்தம். பச்சையம்மா மகள் கன்னத்தைத் தட்டி, "தூங்காதடி, கண்ணத் தொறடி" என்று அழுதாள். கட்டுவிரியன் கடித்தவருக்கு இமையைத் தூக்க முடியாதே தவிர எல்லாம் காதில் விழும். அதனால் நான் பேசிக்கொண்டே இருந்தேன். "சங்கீதா, டீச்சர் இருக்கேன். அம்மா இருக்காங்க. ரயில் போயிட்டு இருக்குது. இப்ப கேட்ட தொறந்துடுவாங்க." அவள் விரல் என் புடவை முந்தானையை லேசாக இழுத்தது. கேட்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரியில் இளவயது டாக்டர். "என்னாச்சு?" என்றார். பச்சையம்மா முந்திக்கொண்டு, "ஏதோ பூச்சி கடிச்சிருச்சு சாமி" என்றாள். பிள்ளை மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கும்போதும் அந்தத் தாயின் வாயில் அந்தச் சொல் வரவில்லை. நான் குறுக்கிட்டு, "பாம்பு டாக்டர். கட்டுவிரியன். கருப்புல வெள்ளை வளையம்னு சொன்னா" என்றேன். பச்சையம்மா காதைப் பொத்திக்கொண்டாள். நர்ஸ் அவளைச் சீட்டுப் போட அனுப்பினார்.

"எத்தனை மணிக்குக் கடிச்சது?"

அறையில் நானும் டாக்டரும் நர்ஸும் அந்தப் பிள்ளையும்தான். சாப்பாட்டு நேரத்தில் என்று சொல்ல வாய் தயாராகத்தான் இருந்தது. பதினாறு வருஷ வேலை, வீட்டில் படிக்கிற இரண்டு பிள்ளைகள், ஊரார் வாய் எல்லாம் ஒரே நேரத்தில் கண் முன்னால் வந்து நின்றன. சங்கீதாவின் கை ஸ்கேலோடு சேர்த்துக் கட்டியபடி கிடந்தது. அதில் என் களிம்பு இன்னும் மினுமினுத்தது.

"பதினொன்னு பத்து வாக்குல டாக்டர். என்கிட்ட வந்து சொன்னா. எனக்குப் புரியல. களிம்பு போட்டு வகுப்புக்கு அனுப்பிட்டேன்."

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்றே கால். என்னைத் திட்டுவார் என்று நின்றேன். அவர் நர்ஸிடம் மருந்தின் பெயரைச் சொன்னார், அவ்வளவுதான். மருந்து ஏற ஆரம்பித்த பிறகு ஒரு வார்த்தை சொன்னார்: "நேரத்த மாத்திச் சொல்றவங்கதான் மேடம் அதிகம். எங்க கணக்கு மொத்தமும் தப்பாப் போயிடும்."

டிரில் சார் பைக்கில் மந்திரிக்கிறவர் வந்து சேர்ந்தார். பிள்ளையை எட்டிப் பார்த்தார். "இது ஊசிக்குத்தான் கட்டுப்படும் தாயி. நான் வெளில நின்னு சொல்றத சொல்றன்" என்று பச்சையம்மாவிடம் சொல்லிவிட்டு, வேப்பமரத்தடியில் போய் நின்றுகொண்டார். அந்த மனிதரைப் பற்றி அரை மணி நேரம் முன்னால் நான் பேசியதை நினைத்து வெட்கப்பட்டேன்.

மருந்து ஏறியும் மூச்சு தேறவில்லை. டாக்டர் தொண்டையில் குழாய் போட்டு, காற்றுப் பையை இணைத்தார். "இங்க மூச்சு மெஷின் இல்ல. சேத்தியாத்தோப்பு வழியா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். வழி முழுக்கப் பையை அமுக்கிக்கிட்டே போகணும். நிறுத்தினா மூச்சு நிக்கும்." அவர் சொன்னதில் புரியாதது ஒன்றும் இல்லை.

ஆஸ்பத்திரி வண்டியில் பச்சையம்மா முன்னால், நானும் நர்ஸும் பின்னால். அமுக்கு, விடு, இரண்டு எண்ணு, அமுக்கு. சின்ன வேலையாகத் தெரியும். பத்தாவது நிமிடத்தில் விரல் மரத்துப் போகும். நர்ஸ் கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம் என்று மாற்றிக்கொண்டோம். சேத்தியாத்தோப்பு கூட்டுரோட்டில் அன்றைக்கு வாரச்சந்தை. ரோட்டின் இரண்டு பக்கமும் கடை, நடுவில் மாடு, டிராக்டர், கரும்பு வண்டி. டிரைவர் சங்கை அலறவிடுகிறார், யாருக்கும் எங்கே ஒதுங்குவதென்று தெரியவில்லை. நர்ஸ் கதவைத் திறந்து இறங்கி, "வழி வுடுங்கய்யா, கொழந்த!" என்று கூவிக்கொண்டே முன்னால் ஓடினார். உள்ளே நான் தனியாக. அமுக்கு, விடு, இரண்டு எண்ணு, அமுக்கு.

அப்போது ஒரு நினைப்பு வந்தது. இந்த நிமிஷத்தில் இந்தப் பிள்ளைக்குச் சொந்தமாக மூச்சு இல்லை, என் கைதான் அவளுடைய மூச்சு. காலையில் அடுத்தது யார் என்று அவளைத் தள்ளிவிட்டதும் இதே கைதான். அழுதேன். அழுதுகொண்டே எண்ணினேன். எண்ணிக்கை தப்பவில்லை, கணக்கு டீச்சர் அல்லவா.

மூன்று நாள் மெஷினில் இருந்தாள். நான்காம் நாள் காலையில் இமை தூக்கினாள். ஐந்தாம் நாள் குழாயை எடுத்தார்கள். பிழைத்துவிட்டாள் என்று செய்தி வந்தபோது வகுப்பில் பின்னம் நடத்திக்கொண்டிருந்தேன்.

கதை இங்கே முடிந்திருந்தால் எனக்குச் சௌகரியம். ஊரும் அப்படித்தான் முடித்தது. திங்கட்கிழமை பிரேயரில் தலைமையாசிரியர் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். பிள்ளைகள் கைதட்டினார்கள். தனபாக்கியமும் கைதட்டினாள், என் முகத்தைப் பார்க்காமல். ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது பச்சையம்மா என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க இல்லன்னா எம்புள்ள இல்ல டீச்சர்." நான் பேசாமல் நின்றேன். அது மூன்றாவது தவறு. மற்ற இரண்டும் புரியாமல் செய்தவை, இது புரிந்தே செய்தது.

பத்து நாள் அந்தப் பேச்சு என்னைத் தூங்கவிடவில்லை. கடைசியில் ஒரு சாப்பாட்டு இடைவேளையில் கம்பெனிக்கு நடந்தேன். பச்சையம்மா வரிசையாக நின்ற பொம்மைகளுக்குப் புருவம் எழுதிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பதினொன்று பத்துக்கு வந்தாள், இரண்டு தடவை சொன்னாள், நான் களிம்பு தடவி அனுப்பினேன், ஒன்றரை மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள்.

தூரிகையை அவள் கீழே வைக்கவில்லை. "ரெண்டு வாட்டியா சொல்லுச்சு?"

"ரெண்டு தடவை."

"நீங்க என்னா சொன்னீங்க?"

"அடுத்தது யாருன்னு கேட்டேன்."

அவள் அடுத்த பொம்மையை எடுத்துப் புருவம் எழுத ஆரம்பித்தாள். கோடு கோணலாகப் போனது. துடைத்துவிட்டு மறுபடி எழுதினாள். என்னைப் போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. நானே எழுந்து வந்தேன்.

மறுவாரம் சங்கீதா பள்ளிக்கு வந்துவிட்டாள். அவள் வருவதற்குள் சுவர் ஓட்டையை நின்று அடைக்கச் செய்திருந்தேன், அச்சுக் குவியலையும் கம்பெனிக்காரர்கள் வாரிவிட்டார்கள். தும்பை விட்டு வாலைப் பிடித்த வேலைதான். அன்றைக்குப் பள்ளி விடுகிற நேரத்தில் பச்சையம்மா அலுவலக அறை வாசலில் வந்து நின்றாள். கையில் கோடு போட்ட வெள்ளைத் தாள் ஒன்று.

எங்கள் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. மனக்குறை உள்ளவர்கள் போலீஸ் ஸ்டேஷனில் மனு எழுதுகிற மாதிரியே சாமிக்கு மனு எழுதி, அங்கே கட்டிவிட்டு வருவார்கள். பிராது கட்டுவது என்று பெயர். யார் மேல் குறையோ அவர் பெயரை எழுத வேண்டும், என்ன வேண்டும் என்றும் எழுத வேண்டும். சாமி விசாரிக்கும்.

"கொளஞ்சியப்பருக்குப் பிராது கட்டணும் டீச்சர். எனக்கு எழுத்துத் தெரியாது. புள்ளைய எழுதச் சொன்னா எழுத மாட்டங்குது." தாளை என் மேசையில் வைத்தாள். "நீங்களே எழுதுங்க."

"யார் மேல?"

"ஒங்க மேலதான்."

பேனாவைத் திறந்தேன். அவள் நின்றபடியே சொல்லச் சொல்ல எழுதினேன். என் பெயர், பள்ளியின் பெயர். 'என் மகள் சங்கீதா தனக்கு நேர்ந்ததை இரண்டு முறை சொன்னாள். டீச்சர் கேட்கவில்லை.' அவள் பேச்சில் சொன்னதை நான் எழுத்துத் தமிழில் மாற்றி எழுதியதைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். என் தவற்றை என் கையெழுத்திலேயே, என் குரலிலேயே கேட்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசி வரிக்கு வந்தோம். "சாமிகிட்ட என்னா கேக்கட்டும்?" என்றேன். "தண்டனை குடுக்கணும்னு எழுதட்டுமா?"

அவள் தலையை அசைத்தாள்.

"அதெல்லாம் வாணா. புள்ளைங்க சொல்றது டீச்சரு காதுல வுழணும். அவ்ளோதான் எழுதுங்க."

எழுதினேன். அவள் தாளை நாலாக மடித்து ரவிக்கையில் செருகிக்கொண்டு, "போயிட்டு வரேன் டீச்சர்" என்று சொல்லிப் போனாள்.

கேட்டது கிடைத்துவிட்டால் போய்ப் பிராதை வாபஸ் வாங்க வேண்டும் என்பார்கள். அதற்குப் பிறகு பதினோரு வருஷம் அந்தச் சாவி என்னிடம் இருந்தது. வரிசை நீண்டுபோய் மணி அடித்த பிறகும் நின்றது, தலைமையாசிரியர்கள் சலித்துக்கொண்டார்கள், நான் ஒவ்வொரு பிள்ளையிடமும் குனிந்து, "என்னா சொன்ன? இன்னொரு தடவ சொல்லு" என்று கேட்டேன். பச்சையம்மா வாபஸ் வாங்கினாளா என்று மட்டும் நான் கேட்டதே இல்லை.